அனுமதிப் பட்டியலில் சேர்த்த போனையே ரவுட்டர் ஏன் மறுக்கிறது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: எப்போதோ ஒருவருக்குக் கொடுத்த வைஃபை பாஸ்வேர்டு அக்கம்பக்கமெல்லாம் பரவிவிட்டது. அதைத் தடுக்க ரவுட்டரில் மேக் ஃபில்ட்டரை (பட்டியலில் அடையாள எண் உள்ள கருவிகளை மட்டும் உள்ளே விடும் வசதி) ஆன் செய்து, வீட்டுப் போன்களையும் லேப்டாப்பையும் அனுமதிப் பட்டியலில் ஏற்றினீர்கள். சில நாள் ஒழுங்காக ஓடியது. இப்போது வீட்டு ஐபோனும் ஓர் ஆண்ட்ராய்டு போனும் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் இணைய மறுக்கின்றன. புதிதாக வாங்கிய ஸ்மார்ட் ப்ளக் உள்ளே வரவே இல்லை. ரவுட்டர் காட்டும் கருவிப் பட்டியலிலோ நீங்கள் சேர்க்காத இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த செட்டிங்கை மாற்றுவது என்று கேட்கிறீர்கள். ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சொந்தப் போனை ரவுட்டர் ஏன் மறுக்கிறது என்பது ஒன்று. வேண்டாதவரை வெளியே நிறுத்த எது உண்மையில் உதவும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் காரணம் ஏறக்குறைய உறுதியாகத் தெரிகிறது. இரண்டாவதற்கு, நீங்கள் கையில் எடுத்த கருவியே சரியில்லை என்பதுதான் பதில்.

ஒரு கருவி வைஃபையில் சேரும்போது நடப்பது ஒரே காரியம் அல்ல. முதலில் ரவுட்டர் ஒலிபரப்பும் பெயரைக் கருவி கேட்க வேண்டும். பிறகு இருவரும் ஒரே பாஸ்வேர்டைத் தெரிந்தவர்கள்தானா என்று ஒருவரையொருவர் சோதிப்பார்கள். இதில் பாஸ்வேர்டு காற்றில் போவதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட சாவியை வைத்து நான்கு செய்திகள் பரிமாறப்படும். அதற்கு முன்போ இடையிலோ, மேக் ஃபில்ட்டர் இருந்தால் ரவுட்டர் தன் பட்டியலைப் பார்க்கும். கடைசியில் டிஹெச்சிபி என்ற பகுதி 192.168.1.23 போல ஓர் ஐபி முகவரியைக் கொடுக்கும். இந்தப் படிகளில் எது உடைந்தாலும் போன் திரையில் வருவது பெரும்பாலும் ஒரே மாதிரி வாசகம்தான். மேக் ஃபில்ட்டர் மறுத்ததைக்கூடச் சில போன்கள் பாஸ்வேர்டு தவறு என்றே காட்டும். அதனால் திரையில் வரும் வாசகத்தை முழுக்க நம்பாமல், எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். பெயரே தெரியவில்லை என்றால் அலைவரிசைச் சிக்கல். பெயர் தெரிந்து உடனே துரத்தினால் பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை (டபிள்யூபிஏ2 போன்ற குறியாக்க முறை), மேக் ஃபில்ட்டர் மூன்றில் ஒன்று. ஐபி முகவரி பெறுவதாகச் சொல்லிச் சுற்றிக்கொண்டே இருந்தாலோ, 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தாலோ டிஹெச்சிபி. இணைந்துவிட்டது, ஆனால் இன்டர்நெட் இல்லை என்றால் வீட்டுக்கு வரும் லைனையோ, ரவுட்டரின் பேரன்டல் கன்ட்ரோலையோ பார்க்க வேண்டும்.

உங்கள் இரண்டு போன்களும் இரண்டாவது வகையில் நிற்கின்றன. காரணம் இது: மேக் முகவரி என்பது ஒவ்வொரு வைஃபை சிப்புக்கும் தொழிற்சாலையில் கொடுக்கப்படும் பன்னிரண்டு இலக்க எண். முன்பு அது மாறாது. கடைகளும் விமான நிலையங்களும் அதை வைத்து ஆட்களைப் பின்தொடர முடிந்ததால், போன் தயாரிப்பாளர்கள் உண்மையான எண்ணை மறைத்து, ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு போலி எண்ணைக் காட்டத் தொடங்கினார்கள். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும் இதுவே இயல்பான நிலை. நீங்கள் பட்டியலில் ஏற்றியது அன்றைக்குப் போன் காட்டிய போலி எண்ணாக இருக்கலாம். அல்லது போனின் ‘அபவுட்’ பக்கத்திலோ அட்டைப்பெட்டியிலோ பார்த்து எழுதிய உண்மையான எண்ணாக இருக்கலாம். பின்னது என்றால் முதல் நாளே இணைந்திருக்காது. சில நாள் ஓடியது என்கிறீர்கள், ஆகவே போலி எண்தான் ஏறியிருக்கிறது. அது பிறகு மாறியிருக்கிறது.

எப்போது மாறும்? நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்தால் மாறும். ரவுட்டரின் வைஃபை பெயரை நீங்கள் மாற்றினால் மாறும், ஏனென்றால் போனுக்கு அது வேறு நெட்வொர்க். ஐபோனில், ஐஓஎஸ் 15 முதல், ஆறு வாரம் அந்த வைஃபையில் சேராமல் இருந்தாலும் மாறும். ஐஓஎஸ் 18-இல் இன்னொரு நுட்பம் சேர்ந்தது: ‘பிரைவேட் வைஃபை அட்ரஸ்’ என்ற இடத்தில் ஆஃப், ஃபிக்ஸ்டு, ரொட்டேட்டிங் என்று மூன்று தேர்வுகள். ரவுட்டர் நல்ல பாதுகாப்பு வகையில் இருந்தால் ஐபோன் தானாக ஃபிக்ஸ்டு எடுத்துக்கொள்ளும். பழைய, பலவீனமான வகையில் இருந்தாலோ பாஸ்வேர்டே இல்லாவிட்டாலோ ரொட்டேட்டிங் எடுக்கும். அதாவது எண் அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் ஐபோனில் வைஃபை பெயருக்குக் கீழே ‘வீக் செக்யூரிட்டி’ என்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கதை அங்கேயே முடிந்தது: ரவுட்டரின் பழைய பாதுகாப்பு வகையே ஐபோனை எண் மாற்ற வைத்து, அந்த மாற்றமே அதை உங்கள் பட்டியலுக்கு வெளியே தள்ளுகிறது.

ஆண்ட்ராய்டு போனில் நான் முதலில் சந்தேகிப்பது வேறு ஒன்று. பல ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஒரு பெயரும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு அதே பெயரோடு ‘5ஜி’ என்று ஒட்டிய இன்னொரு பெயரும் வைத்திருக்கும். (இந்த 5ஜிக்கும் மொபைல் 5ஜிக்கும் எந்த உறவும் இல்லை.) போலி எண் பெயருக்கு ஒன்று என்பதால், இரண்டு பெயர்களுக்கும் ஒரே போன் இரண்டு எண்களைக் காட்டும். ஒன்றைத்தான் நீங்கள் சேர்த்திருப்பீர்கள். ஹாலில் இருக்கும்போது ஒரு பெயரிலும் படுக்கையறையில் மற்றொரு பெயரிலும் போன் தாவும்போது ஓரிடத்தில் கதவு திறக்கும், மற்றோரிடத்தில் திறக்காது. அதோடு, பல ரவுட்டர்களில் மேக் ஃபில்ட்டரே ஒவ்வொரு அலைவரிசைக்கும், ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி. 2.4-இல் ஆன் செய்ததை 5-இல் ஆன் செய்ய மறந்தால் அந்த வழி திறந்தே கிடக்கும்.

மேக் ஃபில்ட்டரை வைத்துக்கொள்வதுதான் முடிவு என்றால் சரி செய்யும் முறை இது. ஐபோனில் செட்டிங்ஸ், வைஃபை, உங்கள் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்டக் குறி. அங்கே ‘பிரைவேட் வைஃபை அட்ரஸ்’ என்பதை ஃபிக்ஸ்டு அல்லது ஆஃப் ஆக்குங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை பெயருக்கு எதிரே உள்ள பல்சக்கரம், அதற்குள் ‘பிரைவசி’, அதில் ‘யூஸ் டிவைஸ் மேக்’. சாம்சங் போன்களில் இதே இடம் ‘மேக் அட்ரஸ் டைப்’, ‘போன் மேக்’ என்று இருக்கும். உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் இதை மாற்றினால் போதும். வெளியே மற்ற இடங்களில் போலி எண்ணே தொடரும். மாற்றிய பிறகு அதே திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து ரவுட்டரில் ஏற்றுங்கள், அட்டைப்பெட்டியைப் பார்த்து அல்ல. லேப்டாப்புக்கு இரண்டு எண்கள் உண்டு, கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. வைஃபையின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பக்கத்தில் ‘ஃபிசிக்கல் அட்ரஸ்’ என்று இருப்பதே வேண்டியது.

ஒரு எண் போலியா உண்மையா என்று பார்த்தவுடன் சொல்ல ஒரு வழி இருக்கிறது. பன்னிரண்டு இலக்கங்களில் (0 முதல் 9 வரையோடு ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் இங்கே இலக்கங்களே) இடமிருந்து இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். அது 2, 6, ஏ, இ என்ற நான்கில் ஒன்றாக இருந்தால், அந்த எண் தொழிற்சாலையில் வந்தது அல்ல, மென்பொருள் உருவாக்கியது. வேறு எதுவாக இருந்தாலும், முதல் ஆறு இலக்கங்கள் தயாரிப்பாளரைக் காட்டும். இணையத்தில் அந்த ஆறையும் தேடினால் நிறுவனத்தின் பெயர் வரும்.

உங்கள் பட்டியலில் உள்ள அந்த இரண்டு அந்நியர்களுக்கு இதையே போட்டுப் பாருங்கள். இரண்டாவது இலக்கம் மேலே சொன்ன நான்கில் ஒன்று என்றால், அவை உங்கள் சொந்தப் போன்களின் பழைய அவதாரங்களாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ரவுட்டரில் பொதுவாக இரண்டு பட்டியல்கள் இருக்கும். டிஹெச்சிபி பட்டியல், முகவரி வாங்கிப் போனவர்கள் எல்லோரையும் தவணை முடியும்வரை வைத்திருக்கும். தவணை பல ரவுட்டர்களில் 24 மணி நேரம். வயர்லெஸ் பகுதியில் உள்ள பட்டியல் மட்டுமே இந்த நொடியில் இணைந்திருப்பவர்களைக் காட்டும். முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவரை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். இரண்டிலும் இருந்து, தயாரிப்பாளர் பெயர் எஸ்பிரஸிஃப் என்று வந்தால், அது அநேகமாக ஏதோ ஸ்மார்ட் பல்பு, ஃபேன், ப்ளக். வீட்டு சாதனங்களில் வைஃபை சிப் போடும் நிறுவனம் அது. பெயரைப் பார்த்து ஹேக்கர் என்று பயப்படுபவர்கள் நிறைய. டிவி, செட்டாப் பாக்ஸ், பிரிண்டர், கடிகாரம், ஏசி எல்லாவற்றையும் எண்ணிவிட்டும் ஒருவர் மிஞ்சினால் சிக்னல் அளவைப் பாருங்கள். மைனஸ் 40 டெசிபல் அருகில் என்றால் அதே அறை. மைனஸ் 75, 80 என்றால் தூரமோ சுவருக்கு அப்பாலோ. மாடியில் உள்ள உங்கள் கருவியும் அதே அளவு காட்டும் என்பதால் இதை மட்டும் வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அந்தக் கருவியை மட்டும் ஒரு நாள் பிளாக் செய்துவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து யாராவது சத்தம் போடுகிறார்களா என்று காத்திருப்பது எளிய சோதனை.

இனி இரண்டாவது கேள்வி. மேக் அனுமதிப் பட்டியல் உங்களுக்குத் தொல்லை கொடுக்கும் அளவுக்கு, புகுந்துவிட நினைப்பவருக்குத் தொல்லை கொடுக்காது. வைஃபையில் பேச்சு முழுக்கக் குறியாக்கம் செய்யப்பட்டாலும், யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற மேக் முகவரி திறந்த நிலையில்தான் காற்றில் போகும். இலவச மென்பொருள் ஒன்றை வைத்து அனுமதிக்கப்பட்ட எண்ணைப் பார்த்து, தன் லேப்டாப்புக்கு அதையே சூட்டிக்கொள்ள ஒருவருக்குச் சில நிமிடம் போதும். அபார்ட்மென்ட் வாசலில் வருபவரே பெயரெழுதும் நோட்டு எவ்வளவு பாதுகாப்போ, இதுவும் அவ்வளவே. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் போனை இரவு பத்து மணிக்கு மேல் நிறுத்த, அதுவும் அவன் பிரைவசி செட்டிங்கைக் கண்டுபிடிக்காத வரை, பயன்படும். வைஃபை பெயரை மறைத்து வைப்பதும் இதே ரகம்தான்; மறைத்த பெயரை உங்கள் போன் போகுமிடமெல்லாம் கூவிக் கேட்டுக்கொண்டிருக்கும், அது இன்னும் மோசம்.

உண்மையான அனுமதி பாஸ்வேர்டு மட்டுமே. அது பரவிவிட்டதால் மாற்ற வேண்டும். வேறு வழியைச் சுற்றிச் சுற்றித் தேடுவதில் பொருள் இல்லை. மாற்றும்போது, நம் ஊரில் பெரும்பாலோர் செய்வது போல மொபைல் எண்ணை வைக்காதீர்கள். டபிள்யூபிஏ2 வகையில், ஒரு போன் இணையும்போது நடக்கும் அந்த நான்கு செய்திகளை ஒருவர் காற்றிலிருந்து பிடித்துவிட்டால், வீட்டுக்குப் போய் நிதானமாக ஊகித்துப் பார்க்கலாம். ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது. இந்திய மொபைல் எண்கள் 6 முதல் 9 வரை உள்ள இலக்கத்தில் தொடங்குவதால், இருக்கக்கூடிய மொத்த எண்களே 400 கோடி. நல்ல கேமிங் கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சோதிக்கும். கணக்குப் போட்டால் அதிகபட்சம் ஒரு மணி நேரம் சொச்சம். அதே பத்து இடங்களில் சிறிய ஆங்கில எழுத்துகளைக் கண்டபடி போட்டால் எண்ணிக்கை 141 லட்சம் கோடியைத் தாண்டும், அதே கார்டுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். நீளம் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். டிவி ரிமோட்டில் அம்புக்குறி தட்டித் தட்டி ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால், விசித்திரக் குறிகளை விட, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து 20 எழுத்துக்கு மேல் வைப்பது வசதி. சில மலிவான கருவிகள் மேற்கோள் குறி, இடைவெளி போன்றவற்றில் தடுமாறுவதற்கும் இதுவே தீர்வு.

பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2-பிஎஸ்கே, அதில் குறியாக்க முறை ஏஇஎஸ் என்று இருக்கட்டும். டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையின் பெயர் எங்கே தெரிந்தாலும் எடுத்துவிடுங்கள். பாதுகாப்பும் குறைவு, அதைப் பயன்படுத்தினால் வேகமும் 54 எம்பிபிஎஸ் என்ற பழைய எல்லைக்குள் சுருங்கிவிடும். உங்கள் ஐபோன் சிக்கலுக்கும் இதுவே வேராக இருக்கலாம் என்று மேலே சொன்னேன். 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3-இல் வீட்டுக்கு எடுத்துப் போய் ஊகிக்கும் வித்தை செல்லாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரோடு நேரில் பேசியாக வேண்டும். ஆனால் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய பிரிண்டரும் ப்ளக்கும் சேராது. இரண்டும் கலந்த வகை ஒன்று உண்டு. நவீன போன்களுக்கு அது போதும், ஆனால் சில பழைய கருவிகள் அந்தக் கலவையைப் பார்த்தே குழம்பி விலகும்.

பாஸ்வேர்டைத் தட்டாமலே கருவியைச் சேர்க்க உதவும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். பட்டனை அழுத்தி இரண்டு நிமிடத்துக்குள் கருவியைச் சேர்க்கும் முறை அவ்வளவு ஆபத்தில்லை. ஆபத்து அதன் எட்டு இலக்கப் பின் எண்ணில். எட்டில் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. மீதி ஏழையும் ரவுட்டர் நான்கு, மூன்று என்று இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால், ஒரு கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் அதிகபட்சம் 11,000 போதும் என்று 2011-இல் வெளியானது. பின்னர் வந்த ரவுட்டர்கள் சில தவறான முயற்சிக்குப் பின் பூட்டிக்கொள்கின்றன என்றாலும், வீட்டில் அதற்கு அவசியமே இல்லை. உங்கள் பாஸ்வேர்டு எவ்வளவு நீளமானாலும் இந்தப் பின்வாசல் அதைப் பார்ப்பதில்லை. யாரோ நம் வைஃபையில் கொஞ்சம் படம் பார்த்தால் என்ன என்பவர்களுக்கு ஒரு தகவல்: 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு வந்த மிரட்டல் மின்னஞ்சலின் ஐபி முகவரி, நவி மும்பையில் இருந்த ஒருவரின் வீட்டு வைஃபை இணைப்பில் போய் நின்றது. அந்த வீட்டுக்காரர்தான் முதலில் விசாரணைக்கு உட்பட்டார்.

புதிய பாஸ்வேர்டும் நாளைக்கு இன்னொருவரிடம் போகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10 முதல் எந்தப் போனிலும் க்யூஆர் காட்டி வைஃபையைப் பகிரலாம். ஐஓஎஸ் 16 முதல் ஐபோனிலும் சேமித்த பாஸ்வேர்டை எழுத்தாகவே பார்க்கலாம். ஒரு முறை தட்டச்சு செய்து கொடுத்துவிட்டால் ரகசியம் என்ற நினைப்பு வேண்டாம். வீட்டு வைஃபையில் ஒரே பாஸ்வேர்டை எல்லோரும் பயன்படுத்துவதால், ஒருவருக்குக் கொடுத்ததை அவரிடமிருந்து மட்டும் திரும்பப் பெற முடியாது. ஆகவே வீட்டை மூன்றாகப் பிரிப்பதை நான் எப்போதும் பரிந்துரைப்பேன். குடும்பத்தார் போனும் லேப்டாப்பும் டிவியும் ஒரு பெயரில். ப்ளக், பல்பு, கேமரா போன்றவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் இரண்டாவது பெயரில். வருகிற விருந்தாளிகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், ரிப்பேர்காரர்கள் எல்லோருக்கும் கெஸ்ட் நெட்வொர்க். கெஸ்ட் பாஸ்வேர்டை மாதம் ஒரு முறை மாற்றினாலும் வீட்டில் ஒரு கருவியும் அறுபடாது. கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல வேண்டிய சங்கடமும் குறையும், நம் தெருக்களில் அதுதானே பெரிய பிரச்சினை. கெஸ்ட்டில் உள்ளூர் நெட்வொர்க்கை அணுகும் அனுமதியை எடுத்துவிடுங்கள். ஆனால் டிவியைத் தவறிக் கெஸ்ட்டில் போட்டுவிட்டால் போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப முடியாது, பிரிண்டருக்கும் அப்படியே. அது பழுதல்ல, அந்தத் தடுப்பு தன் வேலையைச் செய்கிறது.

ஸ்மார்ட் ப்ளக்குக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் அது சேராததற்கு மேக் ஃபில்ட்டர் ஒன்றே போதுமான காரணம். அதன் எண் பட்டியலில் இல்லை, எண்ணைத் தெரிந்துகொள்ள அது இணைய வேண்டும், இணைய எண் பட்டியலில் இருக்க வேண்டும். ஃபில்ட்டரை அணைத்துவிட்டுச் சேருங்கள். வேண்டுமென்றால் பிறகு அந்த எண்ணை ரவுட்டர் பட்டியலிலிருந்து எடுத்து ஏற்றிக்கொள்ளலாம். இதுபோன்ற கருவிகளின் எண் மாறாது. அப்படியும் சேரவில்லை என்றால் இதைச் செய்யுங்கள். ரவுட்டரில் ‘ஸ்மார்ட் கனெக்ட்’ அல்லது ‘பேண்ட் ஸ்டீயரிங்’ (இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் காட்டும் வசதி) இருந்தால் தற்காலிகமாக அணைத்து, 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்கள். அந்தப் பெயரில் பாதுகாப்பு டபிள்யூபிஏ2 மட்டும். சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று. போனையும் அதே பெயரில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்து, ஆப் கேட்கும் லொகேஷன் அனுமதியையும், ஐபோன் என்றால் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதியையும் கொடுங்கள். ப்ளக்கின் பட்டனை ஐந்து நொடி போல அழுத்திப் பிடித்து விளக்கு வேகமாகச் சிமிட்டும்போது ஆப்பில் பாஸ்வேர்டை ஏற்றுங்கள். போன் காற்றில் அனுப்பும் தகவலைப் ப்ளக் ஒட்டுக்கேட்டுத்தான் பாஸ்வேர்டைக் கற்றுக்கொள்கிறது. போன் 5-இல் இருந்தால் 2.4 மட்டும் தெரிந்த ப்ளக்குக்கு அது கேட்காது. இதிலும் தோற்றால் ஆப்பில் ‘ஏபி மோட்’ என்று ஒன்று இருக்கும்; அதில் ப்ளக்கே ஒரு சிறு வைஃபையை உருவாக்கும், போன் அதில் சேர்ந்து பாஸ்வேர்டைக் கொடுக்கும். ரவுட்டரில் ‘ஏபி ஐசோலேஷன்’ (கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுக்கும் வசதி) ஆன் ஆகியிருந்தால் ப்ளக் சேர்ந்தும் ஆப்பில் தெரியாமல் போகலாம்.

வைஃபை பெயரைத் தமிழில் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. வைக்கலாம், போன்கள் ஏற்கும். மலிவான ப்ளக்குகள் சில ஏற்காது. பெயருக்கு 32 பைட்டுதான் இடம், தமிழில் ஒவ்வொரு எழுத்தும், அதோடு புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே, மூன்று பைட்டு பிடிக்கும். ‘எங்கள் வீடு’ என்பதற்கே 31 போய்விடும். கருவிகளுக்கான இரண்டாவது பெயரை மட்டுமாவது சாதாரண ஆங்கில எழுத்தில் வைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் செய்யும் வரிசையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். லேப்டாப்பை ரவுட்டரின் லேன் துளையில் கேபிளால் இணைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். மேக் ஃபில்ட்டர் வயர்லெஸுக்கு மட்டும் என்பதால் கேபிள் வழியே எப்போதும் உள்ளே போக முடியும். வைஃபையில் இருந்தபடி, காலியான பட்டியலில் அனுமதி முறையை ஆன் செய்தால் உங்களையே வெளியே பூட்டிக்கொள்வீர்கள். பிரவுசரில் ரவுட்டர் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ஃபைபர் பெட்டிகளில் 192.168.29.1. லேப்டாப்பின் நெட்வொர்க் விவரத்தில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்று இருப்பதே அது. நுழைந்ததும் முதலில் மாற்ற வேண்டியது ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. ஸ்டிக்கரில் அச்சிட்டதையே விட்டுவைத்தால், வைஃபைக்குள் வந்த யாரும் உங்கள் பட்டியலைத் திருத்தலாம். எக்காரணம் கொண்டும், ஃபைபர் நிறுவனம் கொடுத்த பெட்டியின் ரீசெட் துளையில் ஊசியைக் குத்தாதீர்கள். கடையில் வாங்கிய ரவுட்டருக்கு அது சரி. நிறுவனப் பெட்டியில் யூசர்நேம், விலான் எண் என்று லைன் இயங்கத் தேவையான செட்டிங்குகள் எல்லாம் அதோடு அழிந்து, ஆள் வந்து திரும்பப் போடும்வரை இன்டர்நெட்டே இல்லாமல் போகலாம்.

நிறுவனப் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றையும் மாட்டியிருந்தால், இரண்டு பெட்டிகளும் தனித்தனி வைஃபை பரப்பிக்கொண்டிருக்கும். ஒன்றில் ஃபில்ட்டர் போட்டால் மற்றதில் எவரும் தாராளமாக இருக்கலாம். உங்கள் அந்நியர்கள் அந்த வழியில் வந்தவர்களாகவும் இருக்கலாம். ஒன்றின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அதே போல், டிஹெச்சிபி கொடுக்கும் முகவரி வரம்பையும் பாருங்கள். 100 முதல் 149 வரை என்று இருந்தால் 50 பேருக்குத்தான் இடம். எண் மாற்றும் போன்கள் ஒவ்வொரு அவதாரத்துக்கும் ஒரு முகவரி பிடித்து வைத்தால், கருவிகள் நிறைந்த வீட்டில் அது தீர்ந்து, புதிதாக வருபவர் ஐபி கிடைக்காமல் சுற்றுவார். வரம்பை 2 முதல் 254 வரை விரித்தால் போதும்.

ஒருவேளை ரவுட்டரையே புதிதாக மாற்றப் போகிறீர்கள் என்றால், ப்ளக், பல்பு ஒவ்வொன்றையும் மறுபடி சேர்க்க வேண்டியதில்லை. புதிய பெட்டியில் கருவிகளுக்கான பெயரையும் பாஸ்வேர்டையும் பாதுகாப்பு வகையையும் ஓர் எழுத்துப் பிசகாமல் பழையபடியே வைத்தால் அவை தாமாக வந்து சேரும். பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடும் கணக்கில் உண்டு. டபிள்யூபிஏ2-இல் சாவியைக் கணக்கிடுவதே பாஸ்வேர்டையும் வைஃபை பெயரையும் சேர்த்துப் பிசைந்துதான்.

பாஸ்வேர்டை மாற்றி, ஃபில்ட்டரை அணைத்து, ஏஇஎஸ் வைத்த பிறகும் அந்த ஐபோன் மறுத்தால், போனில் அந்த வைஃபையை ‘ஃபர்கெட்’ செய்து ஒரு முறை புதிதாகச் சேருங்கள். பழைய பாஸ்வேர்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கம். அதற்கும் மசியவில்லை என்றால், ரவுட்டரின் மாடல் பெயர், பாதுகாப்பு வகை என்ன என்று இருக்கிறது, போன் மேலே சொன்ன எந்தப் படியில் நிற்கிறது, மேக் எண்ணின் இரண்டாவது இலக்கம் எது என்ற நான்கையும் எழுதுங்கள். ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படமெடுத்துப் போடுவதாக இருந்தால் பாஸ்வேர்டு, பின் எண், சீரியல் எண், மேக் எண் நான்கையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.